தண்ணீரில் நின்ற கார் மறுபடி ஸ்டார்ட் ஆகிவிட்டது. இனி ஓட்டலாமா?

வாசகர் ஒருவரின் கேள்வி: "சுரங்கப்பாதையில் தேங்கியிருந்த மழைத்தண்ணீரில் இறங்கியபோது என் பெட்ரோல் கார் பாதி வழியில் நின்றுவிட்டது. தண்ணீர் பம்பருக்கு மேல் இருந்தது. மூன்று முறை செல்ஃப் அடித்தேன். முதல் இரண்டு தடவை 'டக்' என்ற சத்தம் மட்டும்தான் வந்தது, மூன்றாம் தடவை பிடித்துக்கொண்டது. எப்படியோ வீடு வந்து சேர்ந்தேன். இப்போது சிக்னலில் நின்றால் வண்டி நடுங்குகிறது, செக் எஞ்சின் விளக்கு எரிகிறது, ஆக்சிலரேட்டரை அழுத்தினால் லேசாகத் தட்டுகிற சத்தம் கேட்கிறது. 1,200 சிசி, நான்கு சிலிண்டர். நன்றாகக் காய்ந்தால் தானே சரியாகிவிடும் என்கிறார் நண்பர். ஓட்டலாமா?"

ஓட்டாதீர்கள். பக்கத்துத் தெரு மெக்கானிக்கிடம் போவதற்குக்கூட வேண்டாம். டோ செய்து கொண்டுபோங்கள். இவ்வளவு கண்டிப்பாகச் சொல்லக் காரணம், நீங்கள் எழுதிய அந்த இரண்டு 'டக்'.

எஞ்சின் காற்றை உள்ளே இழுத்து, அதை நசுக்கி, நெருப்பு வைத்து ஓடுகிறது. காற்று நசுங்கும், தண்ணீர் நசுங்காது. உங்கள் வண்டியில் ஒரு சிலிண்டர் 300 சிசி. பெட்ரோல் எஞ்சினில் அந்தக் காற்று ஏறக்குறைய பத்தில் ஒரு பங்காகச் சுருக்கப்படுகிறது. அதாவது பிஸ்டன் உச்சிக்கு வரும்போது அதன் தலைக்கு மேல் மிஞ்சும் இடம் 33 மில்லிலிட்டர்தான், இரண்டு மேசைக்கரண்டிக்குச் சற்று அதிகம். ஏர் ஃபில்டர் வழியாக அதற்கு மேல் தண்ணீர் உள்ளே போய்விட்டால் பிஸ்டன் மேலே வர வழியில்லை. ஆனால் பிஸ்டன்களின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக மாற்றும் தண்டான கிராங்க் ஷாஃப்ட் கீழிருந்து தள்ளிக்கொண்டே இருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொள்வது, அவற்றை இணைக்கும் கம்பியான கனெக்டிங் ராட். அதுதான் வளைகிறது. இதை மெக்கானிக்குகள் ஹைட்ரோ லாக் என்பார்கள். டீசல் வண்டியில் இன்னும் மோசம். அங்கே காற்று இன்னும் இறுக்கமாகச் சுருக்கப்படுவதால், அதே அளவு சிலிண்டருக்கு இதைவிடக் குறைந்த தண்ணீரே போதும்.

முதல் இரண்டு தடவை செல்ஃப் மோட்டார் சுற்றப் பார்த்தது, உள்ளே இருந்த தண்ணீர் விடவில்லை என்றே நினைக்கிறேன். பிறகு அது பிஸ்டன் ரிங் இடுக்கு வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்து கீழே இறங்கியதும் எஞ்சின் பிடித்துக்கொண்டது. கசிந்த தண்ணீர் போன இடம் எஞ்சின் ஆயில். ஆயில் அளவு பார்க்கும் கம்பியான டிப் ஸ்டிக்கை உருவிப் பாருங்கள். பால் விட்ட காபி நிறத்தில் இருந்தாலோ, அளவு முன்பைவிட ஏறியிருந்தாலோ ஆயிலில் தண்ணீர் கலந்திருக்கிறது. அந்தக் கலவைக்குப் பேரிங்குகளைக் காப்பாற்றும் வழவழப்பு இல்லை. ஆயில் தெளிவாக இருந்தாலும் நிம்மதி அடைய வேண்டாம், ராட் வளைந்திருப்பதை ஆயில் சொல்லாது. ஏர் ஃபில்டர் பெட்டியையும் திறந்து பாருங்கள். ஃபில்டர் ஈரமாகவோ, சேறு படிந்தோ, காய்ந்து சுருங்கியோ இருந்தால் அதன் வழியாகத் தண்ணீர் போயிருக்கிறது. இந்த இரண்டையும் எதையும் கழற்றி மாற்றுவதற்கு முன் போட்டோ எடுத்து வையுங்கள். தண்ணீரில் நின்ற வண்டியைத் திரும்பத் திரும்ப ஸ்டார்ட் செய்ததால் வந்த சேதத்தைப் பல காப்பீட்டு பாலிசிகள் ஏற்பதில்லை. நடந்ததை நடந்தபடியே சொல்லுங்கள்.

உங்கள் நண்பர் சொல்வதிலும் பாதி நியாயம் இருக்கிறது. ஸ்பார்க் பிளக்குக்கு மின்சாரம் தரும் இக்னிஷன் காயிலோ அதன் கனெக்டரோ நனைந்தாலும் ஒரு சிலிண்டர் சரியாக எரியாமல் வண்டி இப்படித்தான் நடுங்கும், விளக்கும் எரியும். அது காய்ந்தால் சரியாகிவிடும். ஆனால் வளைந்த ராடும் இதே நடுக்கத்தைத்தான் தரும், அது எத்தனை நாள் வெயிலில் நிறுத்தினாலும் நிமிராது. வெளியிலிருந்து பார்த்து இரண்டையும் பிரிக்க முடியாது, அளந்துதான் ஆக வேண்டும்.

மெக்கானிக்கிடம் இந்த வரிசையில் கேளுங்கள். முதலில் நான்கு ஸ்பார்க் பிளக்கையும் கழற்றி, எஞ்சினைக் கையால் இரண்டு முழுச் சுற்று சுற்ற வேண்டும். எங்காவது இறுகினால் அங்கேயே நிறுத்திவிட வேண்டும். தடையில்லாமல் சுற்றினால், எரிபொருளையும் இக்னிஷனையும் துண்டித்துவிட்டு செல்ஃப் அடிக்கலாம். மிச்சத் தண்ணீர் இருந்தால் பிளக் துளை வழியே பீய்ச்சிக்கொண்டு வெளியே வரும், முகத்தை நீட்டிப் பார்க்கக் கூடாது. பழைய ஆயிலை இறக்கி, புது ஆயிலும் ஃபில்டரும் போட்டுவிட்டு கம்ப்ரஷன் டெஸ்ட், அதாவது ஒவ்வொரு சிலிண்டரிலும் எவ்வளவு அழுத்தம் ஏறுகிறது என்று மீட்டர் வைத்து அளப்பது.

இந்த டெஸ்ட்டைத் தவறவிட்டு விடாதீர்கள். ராட் வளைந்து வெறும் 2 மில்லிமீட்டர் குட்டையானாலும் பிஸ்டன் அவ்வளவு தாழ்வாகவே நின்றுவிடும். உங்கள் எஞ்சின் அளவுக்குக் கணக்குப் போட்டால் அந்த ஒரு சிலிண்டரில் சுருக்க விகிதம் 10லிருந்து சுமார் 8க்கு இறங்கும். மீட்டரில் மற்ற மூன்றும் கிட்டத்தட்ட ஒரே எண் காட்ட, ஒன்று மட்டும் ஐந்தில் ஒரு பங்கு குறைவாகக் காட்டும். வால்வு, ரிங் கோளாறுகளும் எண்ணைக் குறைக்கும் என்பதால், சந்தேகப்படும் சிலிண்டரில் பிஸ்டன் உச்சிக்கு வரும் உயரத்தைப் பிளக் துளை வழியாக அளந்து மற்றவற்றோடு ஒப்பிடச் சொல்லுங்கள். அங்கும் குறைந்தால் எஞ்சினைப் பிரித்துத்தான் ஆக வேண்டும். செலவு பெரிதுதான். ஆனால் வளைந்த ராட் பல நாள் ஒழுங்காக ஓடிவிட்டு, ஒருநாள் நெடுஞ்சாலை வேகத்தில் ஒடிந்து எஞ்சின் பிளாக்கையே துளைத்துக்கொண்டு வெளியே வரலாம். அதன்பின் ராடை மாற்றுவதோடு முடியாது, எஞ்சினையே மாற்ற வேண்டியிருக்கும். 'ஸ்டார்ட் ஆகுதே, பாத்துக்கலாம்' என்று வந்தவர்களிடம் நான் மன்றாடியே சொல்வது இதைத்தான்.

நான்கும் ஒரே அளவு காட்டினால் நண்பர் சொன்னதுதான் நடந்திருக்க வாய்ப்பு அதிகம். பிளக், காயில், கனெக்டர்களைக் காயவைத்து மாட்டி, ஸ்கேனரில் எந்த சிலிண்டர் என்று பாருங்கள். பி0302 என்ற கோளாறு எண் வந்தால் இரண்டாவது சிலிண்டர். அதன் காயிலை வேறொரு சிலிண்டருக்கு மாற்றிப் போடுங்கள். கோளாறும் கூடவே போனால் காயில்தான் காரணம். ஒரு சில நூறு கிலோமீட்டர் ஓட்டியபின் ஆயிலை இன்னொரு முறை மாற்றிவிடுங்கள், முதல் தடவையில் முழு ஈரமும் வெளியே வராது. கியர் பாக்ஸ் ஆயிலையும் பார்க்கச் சொல்லுங்கள். சூடான பெட்டி குளிர்ந்த தண்ணீரில் இறங்கும்போது மூச்சுத் துளை வழியாக உள்ளே இழுத்துக்கொள்ளும்.

அடுத்த முறை எஞ்சின் தண்ணீரில் நின்றால் சாவியைத் தொடாதீர்கள். கியரை நியூட்ரலில் போட்டு, ஆட்களைக் கூப்பிட்டுத் தள்ளி மேட்டுக்குக் கொண்டுவந்து, பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றிவிட்டு டோ வண்டிக்குக் காத்திருங்கள். தண்ணீர் ஏறிக்கொண்டே போனால் வண்டியை விட்டுவிட்டு முதலில் நீங்கள் இறங்கி வெளியேறுங்கள்.