ரேட்டிங் எப்ப சார் ஏறும்? – ஓர் ஆர்பிட்டரின் கேள்வி பதில்

கோடை விடுமுறைச் செஸ் போட்டிகள் முடிந்ததும் ஆர்பிட்டர்களின், அதாவது போட்டி நடுவர்களின், செல்போனுக்கு ஓய்வே இருக்காது. கேட்பவர்கள் வேறு வேறு ஆள், கேள்வி மட்டும் பெரும்பாலும் ஒன்றுதான்: ரேட்டிங், அதாவது ஆட்டக்காரரின் பலத்தைக் காட்டும் எண், எப்போது ஏறும்? இந்த முறை வந்தவற்றைச் சேர்த்து வைத்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

மதுரையிலிருந்து ஒரு தாய்: மகளின் போட்டி மே 31 அன்று முடிந்தது. ஜூன் 1 பட்டியலில் பழைய 1486தான் இருக்கிறது. ஏதாவது தவறு நடந்துவிட்டதா?

தவறு எதுவும் இல்லை அம்மா. உலகச் செஸ் கூட்டமைப்பான ஃபிடே மாதத்துக்கு ஒரு ரேட்டிங் பட்டியல்தான் வெளியிடுகிறது, அதுவும் ஒண்ணாம் தேதி. அந்தத் தேதிக்கு மூன்று நாள் முன்பே கணக்கை மூடிவிடுவார்கள். கடைசி நாளில் முடிந்தாலும் சேர்த்துக்கொள்ளும் சலுகை ஃபிடேயின் சொந்தப் போட்டிகளுக்கு மட்டும்தான். உங்கள் மகளின் புள்ளிகளை ஜூலை 1 அன்று பாருங்கள்.

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். தலைமை ஆர்பிட்டர் முடிவுகள் அடங்கிய ஃபைலை 7 நாளுக்குள் தேசியக் கூட்டமைப்பின் ரேட்டிங் அலுவலருக்கு அனுப்ப வேண்டும். அவர் அதைப் போட்டி முடிந்த 30 நாளுக்குள் ஃபிடே தளத்தில் ஏற்ற வேண்டும். அதாவது 20ஆம் தேதி முடிந்த போட்டிகூட, விதியை யாரும் மீறாமலே, அடுத்த பட்டியலைத் தவறவிடலாம். இது எனக்குப் பிடிக்காத விஷயம். பரிசளிப்பு மேடையில் மைக் ஓடிக்கொண்டிருக்கும்போதே நான் லேப்டாப்பில் அந்த ஃபைலைச் சரிபார்த்து அன்றிரவே அனுப்பிவிடுவேன். ஒரு குழந்தை மாதம் முழுக்கக் காத்திருக்கும் விஷயத்தை நம் மேசையில் தூங்கவிடக் கூடாது.

ஈரோட்டிலிருந்து 14 வயது மாணவர்: ஆன்லைனில் ஆட்டம் முடிந்த நொடியே ரேட்டிங் மாறுகிறதே, ஃபிடேயால் ஏன் முடியாது?

ஆன்லைனில் இருவரும் ஒரே சர்வரில் ஆடுகிறீர்கள், முடிவு அங்கேயே பதிவாகிவிடுகிறது. நேரில் ஆடும்போது முடிவுத்தாளில் நீங்கள் போடும் கையெழுத்திலிருந்து ஆர்பிட்டர், ரேட்டிங் அலுவலர் என்று ஒவ்வொரு கையாக மாறித்தான் ஃபிடேக்குப் போகிறது, தம்பி.

ஆனால் கணக்கை நீயே போட்டுப் பார்க்கலாம். உனக்கு 1620, எதிராளிக்கு 1700 என்று வை. ஆட்டத்தில் ஜெயித்தால் 1, டிரா என்றால் அரை, தோற்றால் 0. ரேட்டிங்கில் 80 குறைவாக இருப்பதால் உன்னிடம் எதிர்பார்ப்பது 0.39 புள்ளி. 18 வயது நிறையும் ஆண்டு முடியும்வரை, 2300க்குக் கீழே இருந்தால் உன் கே மதிப்பு (ஓர் ஆட்டம் ரேட்டிங்கை எவ்வளவு மாற்றலாம் என்பதைத் தீர்மானிக்கும் எண்) 40. ஜெயித்தால் எதிர்பார்த்ததைவிட 0.61 அதிகம், 0.61 × 40, அதாவது 24.4 ஏறும். டிரா என்றால் 4.4 ஏறும், தோற்றால் 15.6 இறங்கும். ஸ்கோர் ஷீட்டின் பின்பக்கம் போதும் இதற்கு.

கோவையிலிருந்து ஒரு தந்தை: மே மாதம் மகன் மூன்று போட்டிகள் ஆடினான், மொத்தம் 27 ஆட்டங்கள், எல்லா எதிராளிகளும் ரேட்டிங் உள்ளவர்கள். போட்டி முடிவுகளை வெளியிடும் செஸ்-ரிசல்ட்ஸ் தளத்தில் வந்ததைக் கூட்டினால் +120. ஆனால் பட்டியலில் 75தான் ஏறியிருக்கிறது. மீதி 45 எங்கே?

அடிக்கடி மனக்கசப்பு வரும் இடம் இது, அதனால் விரிவாகவே சொல்கிறேன். ஒரு பட்டியலுக்குள் வரும் ஆட்டங்களின் எண்ணிக்கையைக் கே மதிப்பால் பெருக்கினால் 700ஐத் தாண்டக் கூடாது. தாண்டினால், தாண்டாத அளவுக்குக் கேயைக் குறைப்பார்கள். 27ஐ 40ஆல் பெருக்கினால் 1080. 26ஆல் பெருக்கினாலும் 702. ஆகவே உங்கள் மகனுக்கு அந்த மாதம் கே 25. 120ஐ 40ஆல் வகுத்து 25ஆல் பெருக்கிப் பாருங்கள், சரியாக 75 வரும்.

செஸ்-ரிசல்ட்ஸ் ஒவ்வொரு போட்டியையும் தனித்தனியாகக் கணக்கிடுகிறது. அந்த மாதம் பையன் வேறு எங்கே ஆடினான் என்பது அதற்குத் தெரியாது. கே 40 உள்ள குழந்தைகளுக்கு மாதம் 17 ஆட்டம் வரை இந்தச் சிக்கல் இல்லை. 18 ஆட்டம் ஆனதும் கே 38 ஆகிவிடும். ஒன்பது சுற்றுப் போட்டி இரண்டு ஆடினாலே 18 வந்துவிடுகிறது, பாருங்கள். மோசமான மாதத்தில் இதே விதி இழப்பையும் குறைக்கும்.

ஒரே மாதத்தில் மூன்று போட்டிகளுக்குப் பையனை அழைத்துப்போவது சரியா என்று நீங்கள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இரண்டு போதும் என்பேன். நடுவில் தோற்ற ஆட்டங்களை உட்கார்ந்து பார்க்க ஒரு வாரமாவது வேண்டும்.

தஞ்சாவூரிலிருந்து 58 வயது ஆட்டக்காரர்: எனக்கு 1750. 1450 உள்ள சிறுவனிடம் தோற்றேன். அவன் ஆட்டம் 1650க்குக் குறையாது. பட்டியல் தாமதத்துக்கு நான் ஏன் புள்ளி இழக்க வேண்டும்?

உங்கள் வருத்தம் நியாயமானது ஐயா. போட்டி தொடங்கும்போது நடப்பில் உள்ள பட்டியலின் ரேட்டிங்தான் கணக்கு. அந்தப் பையன் முந்தின வாரம் வேறொரு ஊரில் 100 புள்ளி சம்பாதித்திருந்தாலும் உங்கள் முன்னால் 1450ஆகத்தான் உட்காருவான். உங்கள் கே 20, 300 வித்தியாசத்தில் தோற்றதால் 17 போகிறது. அவன் 1650ஆகப் பட்டியலில் இருந்திருந்தால் 12.8தான் போயிருக்கும்.

வேகமாக வளரும் குழந்தைகள் எந்தப் பட்டியலுக்கும் ஒரு படி முன்னால்தான் இருப்பார்கள். மாதப் பட்டியல் இந்த இடைவெளியைக் குறைத்திருக்கிறது, ஒழிக்கவில்லை.

அதே ஐயா: முன்பெல்லாம் இன்னும் மோசமா?

மிகவும். ரேட்டிங் கணக்கிடும் இந்த எலோ முறையை ஃபிடே 1970இல் ஏற்று, 1971இல் முதல் பட்டியலை வெளியிட்டபோது ஆண்டுக்கு ஒன்றுதான். 1981 முதல் ஆண்டுக்கு இரண்டு, 2000 முதல் நான்கு, 2009 முதல் ஆறு, 2012 ஜூலையிலிருந்துதான் மாதந்தோறும். 1989 இலையுதிர் காலத்தில் டில்பர்க் போட்டியில் அப்போதைய உலகச் சாம்பியன் காஸ்பரோவ் 14 ஆட்டத்தில் 12 புள்ளி எடுத்து, முன்னாள் சாம்பியன் பிஷரின் சாதனை ரேட்டிங்கான 2785ஐத் தாண்டினார். பட்டியலில் அதைப் பார்க்க 1990 ஜனவரி வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

சென்னை, கல்லூரி மாணவி: லைவ் ரேட்டிங்கும் அதிகாரப்பூர்வ ரேட்டிங்கும் ஒன்றா?

இல்லை. ஒவ்வோர் ஆட்டமும் முடிந்ததும் உடனே போட்டுப் பார்க்கும் கணக்குதான் லைவ், ஃபிடே பட்டியலில் வருவதுதான் அதிகாரப்பூர்வம். நம் ஊர்க் கதையையே எடுத்துக்கொள்ளுங்கள். 2023 ஆகஸ்ட் 3 அன்று பாகு உலகக் கோப்பையில் ஜெயித்த குகேஷ் லைவ் கணக்கில் ஆனந்தை முந்தினார். அன்றே செய்தி பரவிவிட்டது. ஆனால் அந்த மாதம் முழுக்க அதிகாரப்பூர்வமாக இந்தியாவின் முதல் ஆட்டக்காரர் ஆனந்த்தான். செப்டம்பர் 1 பட்டியலில் குகேஷ் 2758, ஆனந்த் 2754 என்று வந்தபோதுதான், 1986 ஜூலை முதல் ஆனந்த் வைத்திருந்த இடம் கைமாறியது. இரண்டு பேருமே சென்னைக்காரர்கள். அந்த ஒண்ணாம் தேதி காலை பட்டியலைத் திறந்தபோது என் கண் கலங்கியது உண்மை.

உச்சம் பட்டியலுக்கு வராமலே போவதும் உண்டு. 2014 ஏப்ரலில், அப்போது உலகச் சாம்பியனாக இருந்த கார்ல்சன் லைவில் 2889ஐத் தொட்டார். பிறகு அதே போட்டியில் அடுத்தடுத்து இரண்டு ஆட்டம் தோற்றார். மே பட்டியலில் வந்தது 2882, அவருடைய அதிகாரப்பூர்வ உச்சமும் அதுதான்.

கிராண்ட்மாஸ்டர் பட்டத்துக்குத் தேவையான 2500க்கு மட்டும் பட்டியலுக்குக் காத்திருக்க வேண்டாம். போட்டியின் நடுவில் தொட்டாலும் செல்லும்.

சேலத்திலிருந்து ஒரு தாய்: 2024 மார்ச்சில் மகன் எங்கும் ஆடாமலே 1120 என்பது 1472 ஆனது. அது தங்குமா?

தங்கும். 2000க்குக் கீழே இருந்த எல்லோருக்கும் ஒரே ஒரு முறை செய்த திருத்தம் அது. 2000க்கு எவ்வளவு குறைவோ அதில் 40 சதவீதம் சேர்த்தார்கள். இப்போது பட்டியலில் மிகக் குறைந்த ரேட்டிங்கே 1400தான்.

நாகர்கோவிலிலிருந்து ஒரு தந்தை: போட்டி முடிந்து இரண்டு பட்டியல் வந்துவிட்டது. மகள் பெயரில் எதுவும் ஏறவில்லை. யாரிடம் கேட்பது?

முதலில் ஃபிடே தளத்தில் அவள் பக்கத்தைத் திறந்து, மாதவாரியான கணக்கில் அந்தப் போட்டி இருக்கிறதா என்று பாருங்கள். அவளோடு ஆடிய குழந்தைகளுக்கு வந்திருந்து அவளுக்கு மட்டும் வரவில்லை என்றால், பெரும்பாலும் ஃபிடே ஒவ்வோர் ஆட்டக்காரருக்கும் தரும் எண்தான் மாறியிருக்கும். நம் ஊரில் இன்ஷியல் முன்னால் ஒருமுறை, பின்னால் ஒருமுறை, அப்பா பெயர் முழுதாக ஒருமுறை என்று எழுதிப் பதிவு செய்கிறோம். ஒரே குழந்தைக்கு இரண்டு எண் இருப்பதையும் பார்த்திருக்கிறேன். எதுவானாலும் தலைமை ஆர்பிட்டருக்கு எண், போட்டியின் பெயர், தேதி மூன்றையும் போட்டு எழுதுங்கள். அவர் மூலமாகத்தான் திருத்தம் ரேட்டிங் அலுவலருக்குப் போகும்.

நான் பணியாற்றிய ஒரு போட்டியில் ஒரே பெயர், ஒரே இன்ஷியலில் இரண்டு சிறுமிகள். எண்கள் இடம் மாறியிருந்ததை நான்காம் சுற்றில் அவர்களில் ஒருத்திதான் கண்டுபிடித்தாள். சுவரில் ஒட்டியிருந்த தாளில் விரலை வைத்து, "அங்கிள், இது என் நம்பர் இல்ல" என்றாள். பாட்டி அவளுக்கு அந்த எண்ணை மனப்பாடம் செய்ய வைத்திருந்தாராம். அன்று மதிய இடைவேளையிலேயே இரண்டையும் சரிசெய்தோம்.