பன்னிரண்டு பேரும் ஒரு முடிவுரையும்

அன்புள்ள ஐயா,

செவிலியர் முதுநிலை ஆய்வேட்டுக்காக, திருப்பூர் பனியன் கம்பெனிகளில் தைக்கும் பெண்களையும் எங்கள் பக்கம் தோட்ட வேலைக்குப் போகும் பெண்களையும் குழுவுக்குப் பன்னிரண்டு பேராக எடுத்து, ஹீமோகுளோபின் அளவை ஒப்பிட்டேன். டி-சோதனையில் பி-மதிப்பு 0.05க்கு மேல் வந்துவிட்டது. 'இரு குழுக்களுக்கும் வேறுபாடு இல்லை' என்று முடிவுரையில் எழுதலாமா?

ஒரு வாசகி, கோபிசெட்டிபாளையம்

அன்புள்ள வாசகிக்கு,

எழுத வேண்டாம். பி-மதிப்பு என்பது, உண்மையில் வேறுபாடே இல்லாவிட்டாலும் இவ்வளவு அல்லது இதைவிடப் பெரிய வித்தியாசம் தற்செயலாக வருவதற்கான வாய்ப்பு. அது 0.05க்கு மேல் வந்ததன் மூலம் உங்கள் சோதனை சொன்னது, வேறுபாடு உண்டென்று சொல்லப் போதிய சான்று கிடைக்கவில்லை என்பதை மட்டுமே.

ஈரோட்டு மஞ்சள் ஏலத்தில் இரண்டு பேருடைய விரலி மஞ்சளில் ஆளுக்கொரு பிடி அள்ளிப் பார்க்கும் வியாபாரி, நிறம் சற்று மாறியிருப்பதை வைத்தே இரண்டும் வேறு தரம் என்று விலை சொல்லிவிட மாட்டார். ஒரே மூட்டையில் இரண்டு முறை கைவிட்டாலும் எவ்வளவு மாறும் என்பது அவருக்குத் தெரியும். டி-சோதனையும் இரு சராசரிகளின் வித்தியாசத்தை, தற்செயலாகவே நேரக்கூடிய ஏற்ற இறக்கமாகிய திட்டப் பிழையால் வகுத்துப் பார்க்கிறது. டப்ளினில் கின்னஸ் பீர் ஆலையில் பணியாற்றிய வில்லியம் கோசெட், 'ஸ்டூடன்ட்' என்ற புனைபெயரில் 1908இல் இதை வெளியிட்டது, கையில் இருக்கும் மாதிரி மிகச் சிறியதாக இருந்தால் என்ன செய்வது என்ற கேள்விக்காகத்தான். ஆகவே பன்னிரண்டு பேர் என்பதற்காக நீங்கள் கூச்சப்பட வேண்டியதில்லை.

நீங்கள் சராசரிகளைக் குறிப்பிடவில்லை என்பதால், கணக்குக்காக நானே சில எண்களை வைத்துக்கொள்கிறேன். ஒரு குழுவின் சராசரி டெசிலிட்டருக்கு 11.2 கிராம், திட்ட விலக்கம் (ஒவ்வொருவரின் அளவும் சராசரியிலிருந்து வழக்கமாக விலகும் தூரம்) 1.1, மற்றதன் சராசரி 12.0, திட்ட விலக்கம் 1.3. வித்தியாசம் 0.8. திட்டப் பிழை ஏறக்குறைய 0.49, வகுத்தால் 1.63. இந்த அளவு மாதிரிக்கு 2.08ஐத் தாண்டினால்தான் பி-மதிப்பு 0.05க்குக் கீழே இறங்கும். ஆனால் 95 சதவீத நம்பக இடைவெளியை, அதாவது உண்மையான வித்தியாசம் எங்கிருந்து எங்குவரை இருக்கலாம் என்ற எல்லையை, போட்டுப் பாருங்கள்: −0.2 முதல் 1.8 வரை நீள்கிறது. வித்தியாசமே இல்லாமலும் இருக்கலாம், கிட்டத்தட்ட இரண்டு கிராமாகவும் இருக்கலாம் என்று சொல்லும் ஒரு தரவை வைத்துக்கொண்டு 'வேறுபாடு இல்லை' என்று எப்படி எழுதுவது? கர்ப்பமில்லாத பெண்களுக்கு 12க்குக் கீழே போனாலே இரத்தசோகை என்று உலக சுகாதார நிறுவனம் வகுத்திருக்கும்போது, 0.8 என்பது வார்டில் நிற்கும் உங்களுக்கு அற்பமான எண்ணாக இருக்க முடியாது. இதே சராசரிகளும் விலக்கங்களும் குழுவுக்கு 48 பேரிடம் கிடைத்திருந்தால் திட்டப் பிழை பாதியாகி, விடை 3.25 ஆகியிருக்கும், பெண்களின் இரத்தம் மாறவில்லை, ஆள் எண்ணிக்கைதான் மாறியது.

இரு குழுக்களின் விலக்கமும் சமம் என்று கருதிக்கொள்ளாத வெல்ச் முறையையே பயன்படுத்துங்கள். மென்பொருளில் அது ஒரு தேர்வுதான். இரும்புச்சத்து மாத்திரைக்கு முன்னும் பின்னும் அதே பெண்களை அளந்திருந்தால், ஒவ்வொருவரின் இரு அளவுகளையும் ஜோடியாக ஒப்பிடும் இணைச் சோதனை தேவைப்பட்டிருக்கும்.

முடிவுரையில் வித்தியாசத்தையும் நம்பக இடைவெளியையும் எழுதி, மாதிரி சிறியது என்பதை ஒளிக்காமல் சொல்லுங்கள். அடுத்த முறை களத்துக்குப் போகும் முன்பே ஆள் கணக்கைப் போட்டுவிடலாம்: விலக்கத்தை, நீங்கள் பிடிக்க நினைக்கும் வித்தியாசத்தால் வகுத்து, வர்க்கமாக்கி, 16ஆல் பெருக்குங்கள். விலக்கம் 1.2, வித்தியாசம் 0.8 என்றால் குழுவுக்கு 36 பேர். அப்போதும் அந்த வித்தியாசம் உண்மையாகவே இருக்கும் பட்சத்தில், பத்தில் எட்டு முறைதான் அது சோதனையில் பிடிபடும்.