பத்து நிமிடம் ஓடி நின்றுவிடும் படகின் அவுட்போர்டு மோட்டார்: எங்கே பார்ப்பது?

மொரீஷியஸ், மகேபூரிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "அப்பா வைத்திருந்த பழைய யமஹா, டூ ஸ்ட்ரோக், இரண்டு சிலிண்டர், 15 குதிரைத்திறன். கரையில் ஒரே இழுப்பில் கிளம்புகிறது. லகூனில் பத்து நிமிடம் ஓடியதும் இழுவை குறைந்து நின்றுவிடுகிறது. கால் மணி நேரம் விட்டால் மறுபடி ஓடும். கார்புரேட்டரை இரண்டு தடவை கழுவியாயிற்று."

சரி, கார்புரேட்டரை இனித் தொடாதீர்கள். அதில் அழுக்கு அடைத்திருந்தால் கால் மணி நேர ஓய்வில் நீங்காது. மோட்டார் திணறத் தொடங்கும் அந்த நேரத்தில்தான் பழுது பிடிபடும். துணைக்கு ஒருவரையும், துடுப்பு, நங்கூரத்தையும் ஏற்றிக்கொண்டு, பவளத்திட்டுக்கு உள்ளே இருக்கும் லகூனிலேயே ஓட்டிப் பாருங்கள்.

ஓடும்போதே, மோட்டாரைக் குளிர்வித்துவிட்டுப் பின்னால் ஒரு சிறு துளை வழியாகப் பீய்ச்சும் தண்ணீரைக் கவனியுங்கள். அது மெலிந்தாலோ ஆவியாக வந்தாலோ உடனே நிறுத்திவிடுங்கள். சூட்டில் பிஸ்டன் இறுகிப்போனால் மோட்டாரே போய்விடும். முதலில் அந்தத் துளையை மெல்லிய கம்பியால் குத்திப் பாருங்கள், உப்போ மணலோ அடைத்திருக்கலாம். அடைப்பு இல்லையென்றால் இம்பெல்லரை, அதாவது தண்ணீரை மேலே தள்ளும் ரப்பர் இதழ்ச் சக்கரத்தை, மாற்றுங்கள். பழையதில் ஓர் இதழ் உடைந்திருந்தால் அந்தத் துண்டைத் தேடி எடுத்தே ஆக வேண்டும், இல்லாவிட்டால் உள்ளே தண்ணீர்ப் பாதையில் போய் மாட்டிக்கொள்ளும்.

தண்ணீர் நன்றாக வருகிறதா? அப்படியானால் மோட்டார் திணறும்போது பெட்ரோல் குழாயில் உள்ள, கையால் அமுக்கிப் பெட்ரோல் ஏற்றும் ரப்பர் பல்பைக் கையில் எடுங்கள். அது சப்பையாக உறிஞ்சப்பட்டிருந்தால் அடைப்பு டேங்க் பக்கம் என்று அர்த்தம். டேங்க் மூடியின் காற்றுத் திருகு திறந்திருக்கிறதா என்று பாருங்கள். கேட்கச் சின்ன விஷயம், ஆனால் உங்கள் மோட்டார் காட்டும் அடையாளங்களுக்கு அச்சாகப் பொருந்துவது இதுதான்: திருகு மூடியிருந்தால் டேங்கில் வெற்றிடம் உண்டாகி பெட்ரோல் வராது; நிறுத்தி வைத்தால் காற்று மெல்லக் கசிந்து உள்ளே போக, மறுபடி ஓடும். திருகு திறந்தே இருந்தால் டேங்குக்குள் இருக்கும் வடிகட்டியையும், வெளியே நன்றாக இருந்தும் உள்தோல் உரிந்துபோன பழைய குழாயையும் சந்தேகப்படுங்கள். பல்ப் சப்பையாகாமல் தளர்ந்து மட்டும் இருந்தால் குழாய் இணைப்பில் உள்ள ஓ-ரிங் என்ற ரப்பர் வளையம் வழியாகக் காற்று நுழைகிறது. பல்ப் நிறைந்திருந்து, அமுக்கியதும் மோட்டார் உயிர்பெற்றால் பெட்ரோல் பம்பின் உள்ளே இருக்கும் டயாபிரம் என்ற மெல்லிய சவ்வு தேய்ந்துவிட்டது. குழாயை மாற்றுவதானால் பல்பையும் சேர்த்தே மாற்றுங்கள். பல்பில் உள்ள அம்புக்குறி மோட்டார் பக்கம் பார்க்க வேண்டும்.

அமுக்கியும் பயனில்லையா? சூடு ஆறுவதற்குள் மின்பொறியைப் பாருங்கள். கியரை நியூட்ரலில் வையுங்கள். மோட்டாரின் ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றவே வேண்டாம், கழற்றினால் பெட்ரோல் ஆவி வெளியே வந்து தீப்பிடிக்கலாம். அவற்றின் ஒயர்களை மட்டும் உருவி, இரண்டு ஒயரிலும் உதிரி பிளக் மாட்டி, உதிரி பிளக்குகளின் உலோகம் என்ஜினைத் தொடும்படி வைத்து, கிளப்பும் கயிற்றை இழுங்கள். சூட்டில் பொறி வராமல், ஆறியதும் வந்தால், பொறிக்கு மின்சாரம் தரும் காயிலோ (மின்சுருள்) பொறியைக் கட்டுப்படுத்தும் சிடிஐ மின்னணுப் பெட்டியோ பழுது. அதை ஒட்டுப்போட்டு ஓட்டாதீர்கள், புதிதாக மாற்றிவிடுங்கள்.