பிரேக் மிதித்தால் 'டொக்'

கேள்வி: என் வண்டி 2006 டொயோட்டா புரோபாக்ஸ். வாரம் இரண்டு தடவை பெகுவிலிருந்து ரங்கூனுக்குச் சரக்கு ஏற்றி வருகிறேன். ஒரு மாதமாக, பிரேக் மிதித்ததும் முன்பக்கத்தில் 'டொக்' என்று ஒரே ஒரு சத்தம். பிரேக் என்னவோ நன்றாகத்தான் பிடிக்கிறது. பட்டறையில் முன் ஷாக் அப்சார்பர் இரண்டையும் மாற்றச் சொல்கிறார்கள். மாற்றட்டுமா அண்ணே?
– ஒரு வாசகர், பெகு

பதில்: பொறுங்கள் தம்பி, காசை எடுக்காதீர்கள். ஷாக் அப்சார்பர் போயிருந்தால் அதன் மேல் எண்ணெய் கசிந்திருக்கும். மேடு பள்ளத்தில் வண்டி இரண்டு மூன்று தடவை எம்பிக் குதிக்கும். உங்கள் கடிதத்தில் அப்படி ஒன்றும் இல்லையே.

இன்றைக்கே செய்ய வேண்டியது ஒன்று: சக்கரத்தின் நாலு நட்டையும் இறுக்கிப் பாருங்கள். இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் இருந்தால் 103 நியூட்டன் மீட்டர். சிரிக்காதீர்கள், நட்டு தளர்ந்த சக்கரமும் பிரேக்கில் இதே மாதிரிதான் தட்டும்.

அப்புறம் சரக்கை இறக்கிவிட்டு, ஆளில்லாத மைதானத்துக்கு வண்டியைக் கொண்டுபோங்கள். பின்னால் கிடக்கும் ஜாக்கி, ஸ்பேனர் எல்லாவற்றையும் கீழே வைத்துவிடுங்கள். எனக்கு இதில் பட்ட அனுபவம் உண்டு. ஒருவருக்குப் புது ஷாக் அப்சார்பர் மாட்டி அனுப்பினேன், மறுநாளே அதே சத்தத்தோடு திரும்பி வந்தார். கடைசியில் பார்த்தால் பிடிப்பு விட்ட ஜாக்கி உருண்டிருக்கிறது! கூலியைத் திருப்பிக் கொடுத்தேன்.

மெதுவாக முன்னே போய் பிரேக் மிதியுங்கள். 'டொக்' கேட்கும். மறுபடி முன்னேயே போய் மிதியுங்கள். இப்போது சத்தம் இல்லாமல், ரிவர்ஸில் வந்து மிதித்தால் ஒரு தடவை, திரும்ப முன்னே போய் மிதித்தால் ஒரு தடவை என்று திசை மாறும்போது மட்டும் கேட்டால், பிரேக் பேட் அதன் பிராக்கெட்டுக்குள் நகர்ந்து இடிக்கிறது. பேடைப் பிடித்திருக்கும் சின்னத் தகடுகளைப் பேட் மாற்றும்போது யாராவது தூக்கிப் போட்டிருப்பார்கள். தகடு போட்டு, பேடை அழுத்தும் காலிப்பரின் போல்ட்டையும் அது நகரும் ஸ்லைடு பின்னையும் பார்த்தால் முடிந்தது வேலை. ஸ்லைடு பின்னுக்குப் பிரேக் கிரீஸ்தான் போட வேண்டும். சாதாரண கிரீஸ் போட்டால் ரப்பர் உறை ஊதிப்போகும்.

திசை மாறாமலே, ஒவ்வொரு மிதிக்கும் தட்டுகிறதா? அப்படியானால் என் சந்தேகம் வலது லோயர் ஆர்ம் மேல், அதாவது சக்கரத்தைக் கீழ்ப்பக்கம் வண்டியோடு இணைக்கும் இரும்புக் கை. பிரேக் சக்கரத்தைப் பிடித்து நிறுத்தும்போது, வண்டி போகிற வேகத்துக்குச் சக்கரம் பின்னால் தள்ளப்படும். அதைத் தாங்குவது லோயர் ஆர்மை வண்டியோடு பிடித்திருக்கும் பின்பக்க இணைப்பான புஷ்ஷில் உள்ள ரப்பர். அது கிழிந்திருந்தால் இரும்பும் இரும்பும் மோதும். வலது என்று ஏன் சொல்கிறேன்? 1970 டிசம்பர் 6 முதல் பர்மாவில் நாம் வலப்பக்கம் ஓட்டுகிறோம். வண்டியோ ஜப்பானிலிருந்து வந்த வலது ஸ்டீயரிங். தார் உடைந்த ஓரத்துப் பள்ளம் எல்லாம் வலது சக்கரத்துக்குத்தான். சத்தமும் உங்கள் காலடியிலேயே கேட்கும். பிரேக் மிதிக்கையில் ஸ்டீயரிங் ஒரு பக்கம் இழுத்தால் சந்தேகம் இன்னும் வலுக்கும்.

பட்டறையில் வண்டியை ஸ்டாண்டில் நிறுத்தி, கடப்பாரையால் ஆர்மை நெம்பிப் பார்க்கச் சொல்லுங்கள். ரப்பர் வெடிப்பு கண்ணுக்கே தெரியும். கூடவே ஆர்மின் நுனியில் சக்கரத்தோடு சேரும் மூட்டான பால் ஜாயின்ட்டையும் ஆட்டிப் பாருங்கள். அது ஆடினால் சரக்கு ஏற்றவே ஏற்றாதீர்கள். கழன்றால் சக்கரம் மடங்கிவிடும்.

புஷ் மாற்றும்போது பக்கத்திலேயே நில்லுங்கள். சக்கரம் தொங்கிக்கொண்டிருக்கும்போதே போல்ட்டை முழுக்க இறுக்கிவிடுவார்கள். வண்டியைத் தரையில் இறக்கியதும் ரப்பர் முறுக்கிக்கொண்டே நிற்கும். சீக்கிரமே திரும்பவும் கிழியும். வண்டியின் எடை சக்கரத்தில் இறங்கிய பிறகுதான் கடைசி இறுக்கு. "அவசரம் அண்ணே, அடுத்த வண்டி நிற்கிறது" என்பார்கள். நிற்கட்டும்.