பிளானட் ஹெம்ப் கேட்டால் போலீஸ் பிடிக்குமா?

பிரேசிலில் ரியோவுக்கு வேலைக்கு வருகிறேன், ஆபீஸ் நண்பர்கள் பிளானட் ஹெம்ப் என்ற கோஷ்டியின் பாட்டாக அனுப்பித் தள்ளுகிறார்கள், எல்லாம் கஞ்சாவும் அரசியலுமாக இருக்கிறதே, கச்சேரிக்குப் போனால் வம்பா, சைவச் சாப்பாடு கிடைக்குமா, வாடகை எவ்வளவு என்று கேட்டிருக்கிறீர்கள் தம்பி. சோறும் பீன்ஸும் எங்கும் உண்டு. பீன்ஸில் பன்றிக்கறி போட்டிருக்கிறார்களா என்று மட்டும் கேளுங்கள். வாடகையை வந்து பார்த்துக்கொள்ளலாம்.

கச்சேரிக்குத் தாராளமாகப் போங்கள். ராப்பையும் ராக்கையும் கலந்து, கஞ்சாத் தடையை நீக்கு என்று 1993-ல் பாட ஆரம்பித்த ரியோக்காரர்கள். 1997 நவம்பரில் தலைநகர் பிரேசிலியாவில் கச்சேரி முடிந்த கையோடு, போதைக்குப் பிரசாரம் என்று சொல்லி அவர்களை உள்ளே தள்ளினார்கள். 2011-ல் உச்ச நீதிமன்றம், கஞ்சாத் தடையை எதிர்த்து ஊர்வலம் போவது பேச்சுரிமை என்று சொல்லிவிட்டது. 2023-ல் அதே கோஷ்டி லத்தீன் கிராமி வாங்கியது.

பாட்டு வேறு, சரக்கு வேறு. “இங்கே எல்லாம் ஃப்ரீ மச்சான்” என்று கையில் திணிக்கும் நம்மாட்கள் இருக்கிறார்கள். இத்தனை வருஷமாகியும் போர்த்துகீசில் தண்ணீர் கேட்கத் தெரியாது, சட்டம் மட்டும் பேசுவார்கள். உச்ச நீதிமன்றத்தின் 2024 தீர்ப்பில் 40 கிராம் கஞ்சா வரை சொந்த உபயோகம் என்று கருதலாம் என்றார்கள், அவ்வளவுதான். அப்போதும் பறிமுதல் உண்டு. கூடவே தராசு ஏதாவது சிக்கினால் வியாபாரி என்று வழக்குப் போடலாம். 2006 போதைப்பொருள் சட்டப்படி அதற்கு 5 முதல் 15 வருஷம் சிறை. உபயோகமா வியாபாரமா என்று முதலில் முடிவு செய்வது தெருவில் நிற்கும் போலீஸ்காரர். அவர் முதலில் பார்ப்பது நிறத்தை. உங்கள் நிறமும் என் நிறமும் அங்கே ஒன்றுதான்.

நான் வந்த காலத்தில் ராணுவ ஆட்சி போட்ட 1980 சட்டம் அமலில் இருந்தது. வெளிநாட்டுக்காரன் அரசியல் பக்கம் தலைவைக்கக் கூடாது. 2017-ல்தான் அது மாறியது. ரியோவின் லாபா பேட்டையில் எனக்கு ஒண்டுக்குடித்தன அறை. பக்கத்து அறையில் இருந்த, வடகிழக்கே பாயியா மாநிலத்துக்காரன் இந்தக் கோஷ்டியின் கேசட்டைச் சத்தமாக வைப்பான், நான் பயந்து ஜன்னலைச் சாத்துவேன். அவன்தான் எனக்குப் போர்த்துகீசு வாத்தியார், பாதி கெட்ட வார்த்தை. பஸ்ஸை நிறுத்திச் சோதனை போட்டால் எங்கள் இரண்டு பேரைத்தான் இறக்குவார்கள். அவன் பையைக் கொட்டிக் காட்டுவான், நான் பாஸ்போர்ட்டை நீட்டுவேன். வெள்ளைக்காரப் பையன்கள் உள்ளேயே உட்கார்ந்திருப்பார்கள், அவர்கள் சட்டையில் கஞ்சா இலை படம் போட்டிருக்கும்.