தோழியின் கல்யாணம் இத்தாலியில்: பதினைந்து நாளில் எத்தனை ஊர் பார்க்கலாம்?

கேள்வி: என் கல்லூரித் தோழிக்கு வரும் ஜூலை 4, சனிக்கிழமை, இத்தாலியில் சியெனாவுக்கு வெளியே ஒரு பண்ணை வீட்டில் கல்யாணம். மாப்பிள்ளை இத்தாலிக்காரர். நானும் கணவரும் சென்னையிலிருந்து கிளம்புகிறோம். எங்களுக்கு இதுதான் முதல் ஐரோப்பியப் பயணம். ஜூன் 27 முதல் ஜூலை 12 வரை லீவு. பாரிஸ், ஆம்ஸ்டர்டாம், சுவிட்சர்லாந்து, வெனிஸ் எல்லாம் பார்த்துவிட்டு, ஜூலை 4 காலை சியெனா போய்ச் சேர்ந்து, கல்யாணம் முடிந்ததும் ரோம் வழியாகத் திரும்பலாம் என்று நினைக்கிறோம். பிரான்ஸ் மூலமாகப் போனால் விசா சுலபம் என்கிறார்கள். கார் எடுக்கலாமா, ரயில் பாஸ் வாங்கலாமா? பட்டுப்புடவை கட்டலாமா? என்ன பரிசு கொடுப்பது? கணவர் முட்டைகூடத் தொடாத சைவம்.
— ஒரு வாசகி, சென்னை

பதில்: உங்கள் திட்டத்தில் நகர்த்த முடியாத தேதி ஒன்றே ஒன்றுதான், ஜூலை 4. மற்ற ஊர்களெல்லாம் முன்னே பின்னே போனாலும் நஷ்டமில்லை. ஆனால் நீங்கள் நான்கு நாடுகளைச் சுற்றிவிட்டு, முகூர்த்த நாள் காலையில் போய் இறங்கப் பார்க்கிறீர்கள். வழியில் ஒரு ரயில் ரத்தானாலும் கல்யாணமே கையை விட்டுப் போய்விடும். அதனால் வரிசையைத் திருப்பிப் போடுங்கள். இத்தாலியில் இறங்கி, கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்பே பக்கத்து ஊருக்கு வந்துவிடுங்கள். அதற்குப் பிறகு வடக்கே நகர்ந்து, பாரிஸிலிருந்து விமானம் ஏறுங்கள். போகும்போது ரோம், வரும்போது பாரிஸ் என்று ஒரே டிக்கெட்டாக எடுக்கலாம். விமான நிறுவனத் தளத்தில் 'மல்டி சிட்டி' என்ற இடத்தில் தேடினால் கிடைக்கும்.

ஆம்ஸ்டர்டாமையும் வெனிஸையும் இந்த முறை விட்டுவிடச் சொல்கிறோம். ஊர் மாறும் ஒவ்வொரு நாளிலும் பெட்டி கட்டுவது, அறையைக் காலி செய்வது, ஸ்டேஷன், அடுத்த ஹோட்டலில் மூன்று மணிக்குத்தான் அறை என்று அரை நாள் கரைந்துவிடும். ஆறு ஊர் என்றால் மூன்று நாள் பெட்டியோடுதான் கழியும்.

இப்படிப் போங்கள். ஜூன் 28 முதல் மூன்று இரவு ரோம். ஜூலை 1, 2 ஃபிளாரன்ஸ். 3, 4 கல்யாண வீட்டுப் பக்கம். 5 மறுபடி ஃபிளாரன்ஸ். 6 முதல் மூன்று இரவு சுவிட்சர்லாந்தில் லூசெர்ன். 9 முதல் மூன்று இரவு பாரிஸ். 12 அன்று விமானம். மொத்தம் 14 இரவில் 8 இத்தாலியில்.

அந்த எட்டு என்ற எண்ணிக்கைதான் உங்கள் விசாவைத் தீர்மானிக்கிறது. ஒரே விசாவில் பல ஐரோப்பிய நாடுகளுக்குள் போக உதவும் ஷெங்கன் விசாவை எந்த நாடு சுலபமாகத் தருகிறது என்று பார்த்து விண்ணப்பிக்க முடியாது. பயணத்தின் முக்கிய நோக்கம் எங்கே, அதிக நாள் தங்குவது எங்கே என்பதுதான் விதி. நாட்கள் சமமாக இருந்தால் மட்டும் முதலில் நுழையும் நாடு. நீங்கள் போவது கல்யாணத்துக்கு, அதிக இரவும் இத்தாலியில். ஆகவே இத்தாலிக்குத்தான் விண்ணப்பிக்க வேண்டும். மூன்று இரவு பாரிஸைக் காட்டி பிரான்ஸிடம் கேட்டால், ஹோட்டல் பதிவுகளைப் பார்த்ததுமே திருப்பி அனுப்ப இடமிருக்கிறது. பாரிஸுக்கு மட்டும் நாளைக் கூட்டிப் போலி பதிவு காட்டுவது இன்னும் ஆபத்து. மறுக்கப்பட்ட விவரம் ஷெங்கன் நாடுகளின் பொதுப் பதிவில் ஏறிவிடும்.

பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிலிருந்து விண்ணப்பிக்கலாம். கடைசி வரம்பு 15 நாள். முடிவு சொல்ல வழக்கமாக 15 நாள், சிக்கலிருந்தால் 45 நாள் வரை எடுத்துக்கொள்வார்கள். கோடைக்கு முன், விசா விண்ணப்பங்களை வாங்கும் விஎஃப்எஸ் மையத்தில் நேரம் கிடைப்பதே கஷ்டம் என்பதால் மார்ச்சிலேயே முடித்துவிடுங்கள். கட்டணம் ஆளுக்கு 90 யூரோ, அதோடு மையத்தின் சேவைக் கட்டணம். மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு, ஷெங்கன் நாடுகள் முழுவதுக்கும், பயண நாட்கள் அத்தனைக்கும் இருக்க வேண்டும். பாஸ்போர்ட் பத்து வருடத்துக்குள் வழங்கப்பட்டதாகவும், ஷெங்கன் நாடுகளை விட்டு நீங்கள் கிளம்பும் நாளுக்குப் பிறகு மூன்று மாதமாவது செல்லக்கூடியதாகவும், இரண்டு பக்கம் வெறுமையாகவும் இருக்க வேண்டும். கல்யாணப் பத்திரிகையோடு, தோழி எழுதிய அழைப்புக் கடிதத்தையும் அவருடைய அடையாள அட்டை நகலையும் வையுங்கள். விசா கையில் வரும்வரை ஹோட்டல்களை இலவசமாக ரத்து செய்யக்கூடியதாகவே பதிவு செய்யுங்கள்.

ரோமில் இறங்கும் நாளில் ரயிலுக்கோ மியூசியத்துக்கோ நேரம் குறித்த டிக்கெட் எடுக்காதீர்கள். ஷெங்கன் எல்லையில் இப்போது பாஸ்போர்ட் முத்திரைக்குப் பதில் கணினிப் பதிவு நடக்கிறது. முதல் தடவை வருகிறவர்களுக்கு முகப்படம் எடுத்துப் பதிய வேண்டியிருப்பதால் வரிசை மெதுவாகவே நகரும். ரோமுக்கு ஜூன் 29 உள்ளூர்த் திருநாள், புனித பேதுரு, பவுல் விழா. அன்று வாட்டிகன் மியூசியம் மூடியிருக்கும். முந்தைய நாள் மாதத்தின் கடைசி ஞாயிறு, அனுமதி இலவசம் என்பதால் கூட்டம் தாங்காது. அதனால் வாட்டிகனுக்கு 30-ம் தேதி காலையை ஒதுக்குங்கள். தோளும் முழங்காலும் மூடியிருந்தால்தான் உள்ளே விடுவார்கள், ஆண்களுக்கும் அப்படித்தான்.

இனி சியெனா. உங்கள் தேதியில் கவனிக்க வேண்டிய பெரிய விஷயம் இங்கேதான் இருக்கிறது. ஒவ்வொரு வருடமும் ஜூலை 2 அன்று சியெனாவின் பியாட்சா தெல் காம்போ சதுக்கத்தில் பாலியோ குதிரைப் பந்தயம் நடக்கும். ஊரின் 17 வட்டாரங்களில் பத்து வட்டாரங்களின் குதிரைகள் ஓடும். ஜூன் 29-லிருந்தே சோதனை ஓட்டங்கள் தொடங்கிவிடும். அந்த வாரம் சியெனாவிலும் சுற்றுவட்டாரத்திலும் அறை கிடைப்பது அரிது. கிடைத்தாலும் விலை எக்கச்சக்கம். கல்யாண இரவுகளுக்கான அறையை இன்றே பிடித்துவிடுங்கள். அதற்கு முன்பு ஃபிளாரன்ஸில் தங்கச் சொல்வதும் இதனால்தான். பந்தயம் பார்க்க ஆசை வரும். சதுக்கத்தின் நடுவே நின்று பார்க்கக் கட்டணமில்லை. ஆனால் மதியமே உள்ளே போய், வழிகளை அடைத்த பிறகு, கழிப்பறை வசதி இல்லாமல், வெயிலில் மணிக்கணக்காக நிற்க வேண்டும். ஓட்டமோ ஒன்றரை நிமிடத்தில் முடிந்துவிடும். கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்பு உடம்பை இப்படி வாட்டிக்கொள்ள வேண்டாம். 2-ம் தேதி வியாழக்கிழமை நிதானமாக உஃபீட்சி கலைக்கூடம் பாருங்கள். டிக்கெட்டை முன்பே எடுத்துவிடுங்கள்.

ஃபிளாரன்ஸிலிருந்து சியெனா சுமார் 70 கிலோமீட்டர். பிராந்திய ரயிலில் ஒன்றரை மணி நேரம். ஆனால் ஸ்டேஷன் மலையடிவாரத்தில் இருக்கிறது, பழைய ஊர் மேலே. பெட்டியோடு போகிறவர்களுக்கு 131ஆர் வேகப் பேருந்து மேல், ஒண்ணேகால் மணி நேரத்தில் ஊர் அருகிலேயே இறக்கிவிடும். ஜூலை 3 வெள்ளிக்கிழமை. இத்தாலியில் போக்குவரத்து வேலைநிறுத்தம் பெரும்பாலும் வெள்ளிக்கிழமைகளில்தான் வரும். முன்கூட்டியே அறிவிப்பார்கள், 'ஷோப்பெரோ' என்ற சொல்லைப் பார்த்தால் உஷாராகுங்கள். அன்றும்கூட வேலை நாட்களில் காலை 6 முதல் 9 வரையும் மாலை 6 முதல் 9 வரையும் பிராந்திய ரயில்களில் குறைந்தபட்சச் சேவை உண்டு. எதுவுமே ஓடாவிட்டாலும் 70 கிலோமீட்டரை டாக்ஸியில் கடந்துவிடலாம். ஆம்ஸ்டர்டாமிலிருந்தோ வெனிஸிலிருந்தோ அப்படி வர முடியாது.

காகித டிக்கெட் எடுத்துப் பிராந்திய ரயிலில் ஏறினால், பிளாட்ஃபாரத்தில் இருக்கும் சின்ன இயந்திரத்தில் செருகி முத்திரை குத்திக்கொள்ளுங்கள். டிக்கெட் கையில் இருந்தும் முத்திரை இல்லாததால் அபராதம் கட்டுகிறவர்கள் நிறையப் பேர்.

கார் வேண்டாம். எடுத்தே ஆக வேண்டுமென்றால் ஆர்டிஓ அலுவலகத்தில் சர்வதேச ஓட்டுநர் அனுமதி வாங்கி, நம் ஊர் லைசென்ஸோடு சேர்த்து வைத்திருக்க வேண்டும். ஆட்டோமேட்டிக் கார்கள் குறைவு, வாடகையும் அதிகம். முன்பணம் பிடிக்க, ஓட்டுகிறவர் பெயரிலேயே கிரெடிட் கார்டு கேட்பார்கள். உண்மையான வில்லங்கம் 'இசட்.டி.எல்' என்ற தடைப்பகுதி. ஃபிளாரன்ஸ், சியெனா போன்ற ஊர்களின் பழைய பகுதிக்குள் வெளியாட்களின் வண்டி நுழையக் கூடாது. யாரும் நிறுத்த மாட்டார்கள், கேமரா நம்பரைப் படம் பிடித்துவிடும். வாடகை நிறுவனம் விவரம் கொடுத்ததற்கு ஒரு தொகையை உங்கள் கார்டில் எடுத்துக்கொள்ளும். சில மாதம் கழித்து அபராதச் சீட்டு வீடு தேடி வரும். ஒரே தெருவில் மூன்று தடவை சுற்றினால் மூன்று அபராதம்.

கார் இல்லையென்றால் ஒரு ஏற்பாடு கட்டாயம். பண்ணை வீடுகளுக்கு நடு இரவில் டாக்ஸி வராது. விருந்தினர்களுக்கு வேன் உண்டா, கடைசி வேன் எத்தனை மணிக்கு என்று தோழியிடம் இப்போதே கேளுங்கள். இல்லையென்றால் கல்யாணம் நடக்கும் இடத்திலேயே, அல்லது நடந்து போகும் தூரத்தில் தங்குங்கள்.

ரயில் பாஸ் உங்களுக்குக் கட்டுப்படியாகாது. நீண்ட பயணம் நான்குதான்: ரோம்–ஃபிளாரன்ஸ் ஒன்றரை மணி, ஃபிளாரன்ஸ்–மிலான் இரண்டு மணி, மிலான்–லூசெர்ன் மூன்றரை மணி, லூசெர்னிலிருந்து பாசல் போய் அங்கிருந்து பாரிஸ் மொத்தம் நான்கரை மணி. பாஸ் இருந்தாலும் அதிவேக ரயிலில் இருக்கைக்குத் தனியாகக் கட்ட வேண்டும். மூன்று மாதம் முன்பு தனித்தனியாக எடுத்தால் மலிவு. மிகக் குறைந்த கட்டண டிக்கெட்டை மாற்ற முடியாது என்பதை நினைவில் வையுங்கள். மிலானில் இரண்டு டிக்கெட்டும் வேறு வேறு என்பதால், ரயில் மாற ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். முதல் வண்டி தாமதமானால் இரண்டாவது வண்டிக்காரர் பொறுப்பேற்க மாட்டார். சுவிட்சர்லாந்தில் மட்டும் 'ஹாஃப் ஃபேர் கார்டு' விலையைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். ரயில், படகு, டிட்லிஸ், ரிகி போன்ற மலை வண்டிகளில் பாதிக் கட்டணம் ஆகும். அங்கே யூரோ அல்ல, ஃபிராங்க். ஐரோப்பாவுக்கென்று வாங்கும் சில சிம் கார்டுகள் சுவிட்சர்லாந்தில் மட்டும் வேலை செய்யாது, வாங்கும்போதே பாருங்கள். கார்டு தேய்க்கும்போது ரூபாயா யூரோவா என்று மெஷின் கேட்டால் உள்ளூர்ப் பணத்தையே தேர்ந்தெடுங்கள். ரூபாய் என்று சொன்னால் மாற்று விகிதத்தில் கூடுதலாகப் பிடிப்பார்கள்.

புடவை தாராளமாகக் கட்டுங்கள். ஒரே ஒரு நிபந்தனை: வெள்ளை, சந்தனம், தந்த நிறம் கூடாது. அது மணப்பெண்ணுக்கான நிறம். கசவுப் புடவையும் இதில் அடங்கும். ஜூலையில், சியெனா இருக்கும் டஸ்கனியில் 35 டிகிரியைத் தாண்டலாம், சூரியன் மறைய இரவு ஒன்பது மணி ஆகும். அசல் ஜரிகை போட்ட கனமான காஞ்சிபுரத்தில் ஐந்து மணிச் சடங்கில் வெயிலில் நின்றால் தவித்துப் போவீர்கள். சாஃப்ட் சில்க், சில்க் காட்டன் சரியாக இருக்கும். உள்பாவாடை சாட்டின் வேண்டாம், பருத்தி போதும். தரை புல்லும் சரளைக்கல்லுமாக இருக்கும். ஊசிக் குதிகால் புதையும், தட்டைச் செருப்பே நல்லது. கணவருக்கு லினன் சட்டையும் மெல்லிய கோட்டும் போதும். பட்டு வேட்டி கட்டலாமா என்று தோழியைக் கேளுங்கள், சந்தோஷப்படுவார்.

கல்யாண உடையை முழுவதும் கைப்பெட்டியில் வையுங்கள். இணைப்பு விமானத்தில் செக்-இன் பெட்டி ஒரு நாள் தாமதமாக வருவது சகஜம். தங்க நகை கொண்டு போவதானால், கிளம்பும்போது சென்னை விமான நிலையச் சுங்கத்தில் காட்டி ஏற்றுமதிச் சான்று வாங்கிக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் திரும்பும்போது வெளிநாட்டில் வாங்கியது என்று வரி கேட்க வாய்ப்பு உண்டு. கவரிங் நகை போட்டால் இந்தக் கவலையே இல்லை.

தோழிக்காக மல்லிகைச் சரம், கறிவேப்பிலை, நெய், பால்கோவா என்று ஆசையாக எடுத்துப் போகாதீர்கள். பால் பொருட்களும் இறைச்சியும் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் பயணிகள் கொண்டுவரத் தடை. பூ, இலைகளுக்குத் தாவர நலச் சான்று வேண்டும். முறுக்கு, கடலை மிட்டாய் கொண்டு போகலாம், நெய் சேர்க்காததாகப் பார்த்து எடுங்கள்.

பரிசுக்கு முதலில் அழைப்பிதழைப் பாருங்கள். இத்தாலியில் பலரும் பரிசுப் பட்டியலோ, தேனிலவுக்குப் பங்களிக்க ஒரு வங்கிக் கணக்கோ கொடுப்பார்கள். இல்லாவிட்டால் வாழ்த்து அட்டையோடு உறையில் பணம் வைப்பது அங்கேயும் வழக்கம்தான். கனமான குத்துவிளக்கு எடுத்துப் போவதை விட ஒரு சின்ன வெள்ளிக் குங்குமச்சிமிழ் போதும். கிளம்பும்போது உங்களுக்கும் ஒரு சின்னப் பொட்டலம் தருவார்கள், உள்ளே சர்க்கரை பூசிய பாதாம் ஐந்து இருக்கும். வேண்டாமென்று சொல்லாமல் வாங்கிக்கொள்ளுங்கள்.

சாப்பாட்டு விஷயத்தில் 'சைவம்' என்று மட்டும் சொன்னால் போதாது. முட்டை வந்துவிடும். 'சென்ட்சா கார்னே, சென்ட்சா பேஷே, சென்ட்சா உவோவா' என்று எழுதி அனுப்புங்கள். இறைச்சி, மீன், முட்டை இல்லாமல் என்று பொருள். தாலியத்தெல்லே போன்ற புதுப் பாஸ்தாவில் முட்டை இருக்கும். சியெனாப் பகுதியின் பீச்சி வழக்கமாக மாவும் தண்ணீரும் மட்டும் சேர்ந்தது. ரிசோத்தோவில் இறைச்சிச் சாறு ஊற்றியிருப்பார்கள், கேட்டே சாப்பிடுங்கள். பார்மிஜானோ சீஸ் கன்றுக்குட்டியின் இரைப்பை நொதியால் உறைய வைப்பது, உங்கள் கணவர் அதையும் விலக்குவார் என்றால் தனியாகச் சொல்ல வேண்டும். விருந்தில் உட்காரவே எட்டு மணியாகும், கேக் வெட்ட நள்ளிரவு ஆகலாம். அறையில் பசிக்கு ஏதாவது வைத்திருங்கள்.

பாரிஸில் லூவர் மியூசியத்துக்குச் செவ்வாய் விடுமுறை, நீங்கள் போகும் 10-ம் தேதி வெள்ளியன்று இரவு ஒன்பது வரை திறந்திருக்கும், மாலையில் போங்கள். ஹோட்டலில் ஏசி இருக்கிறதா என்று பார்த்துப் பதிவு செய்யுங்கள், அங்கே பல பழைய ஹோட்டல்களில் இருக்காது. பெரிய அளவில் வரித் தள்ளுபடியோடு ஏதாவது வாங்குவதென்றால் பாரிஸிலேயே வாங்குங்கள். சுவிட்சர்லாந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லை. இத்தாலியில் வாங்கிய பொருளோடு அந்த எல்லையைத் தாண்டினால் சுங்க முத்திரை எங்கே பெறுவது என்று குழப்பம் வரும். பாரிஸில் வாங்கியதற்கு விமான நிலையத்திலேயே, பெட்டியை ஒப்படைக்கும் முன்பு, முத்திரை வாங்கிவிடலாம்.