வியாழக்கிழமை வரும் நெஞ்சு இறுக்கம்

கேள்வி: டாக்டர் ஐயா, எனக்கு வயது 41. வேடசந்தூர் பக்கம் ஒரு நூல் மில்லில் 14 வருடமாகப் பஞ்சுப் பொதியைப் பிரித்துக் கலக்கும் மிக்சிங், புளோ ரூம் வேலை. வார லீவு புதன்கிழமை. இரண்டு மூன்று வருடமாக, லீவு முடிந்து வியாழக்கிழமை வேலைக்குப் போனால் மத்தியானத்துக்கு மேல் நெஞ்சைக் கயிறு போட்டு இறுக்கிய மாதிரி இருக்கிறது, வறட்டு இருமல் வருகிறது. மறுநாள் சரியாகிவிடும். இந்த ஆறு மாதமாக வெள்ளி, சனி வரைக்கும் இழுக்கிறது. எக்ஸ்ரே நார்மல், சளியில் டிபி இல்லை என்று சொல்லிவிட்டார்கள். லீவு முடிந்த அன்றைக்கு மட்டும் வருவதால், வேலைக்குப் போகப் பிடிக்காமல் நடிக்கிறேன் என்கிறார் சூப்பர்வைசர். வீட்டிலும் அப்படித்தான் நினைக்கிறார்கள். தினமும் ஏழெட்டு பீடி குடிப்பேன். மில்லில் வெல்லம் தருகிறார்கள், தவறாமல் சாப்பிடுகிறேன். எனக்கு என்ன நோய்?

பதில்: நீங்கள் நடிக்கவில்லை. அதை முதலில் வீட்டில் உள்ளவர்களிடம் இந்தப் பதிலைக் காட்டியே சொல்லிவிடுங்கள். லீவு முடிந்த அன்றைக்கு மட்டும் வருகிறது என்பதைத்தான் சூப்பர்வைசர் நடிப்புக்குச் சாட்சியாக எடுத்துக்கொண்டார். எனக்கு அதுதான் நோயைக் காட்டிக்கொடுக்கிறது. பஞ்சுத் தூசியால் மூச்சுக்குழாய் சுருங்கும் பைசினோசிஸ் என்ற நோயாக இது இருக்க நிறைய வாய்ப்பிருக்கிறது.

பழைய மருத்துவர்கள் இதைத் 'திங்கட்கிழமைக் காய்ச்சல்' என்று சொல்வார்கள். இங்கிலாந்தில் ஞாயிற்றுக்கிழமை மில் மூடியிருக்கும், அதனால் திங்கட்கிழமை. நம் ஊர் மில்கள் வாரம் முழுக்க ஓடுகின்றன, ஆளுக்கொரு நாள் ஆஃப். உங்களுக்கு வியாழன்தான் திங்கட்கிழமை. இது மருத்துவர்களையும் ஏமாற்றிவிடும். நானே ஏமாந்திருக்கிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில், மில் தொழிலாளர்கள் லீவு நாளில்தான் என்னைப் பார்க்க வருவார்கள். வேலை நாளில் வந்தால் சம்பளம் போய்விடுமே. லீவு நாளில் அவர்களுடைய நெஞ்சு சுத்தமாக இருக்கும். ஸ்டெத் வைத்துக் கேட்பேன், ஒரு சத்தமும் வராது. 'ஒன்றுமில்லை, வைட்டமின் சாப்பிடுங்கள்' என்று எழுதிக் கொடுத்து அனுப்பியிருக்கிறேன். என்ன வேலை என்று கேட்டேனே தவிர, எந்தக் கிழமை என்று கேட்கத் தோன்றவில்லை.

என்ன வேலை என்று நோயாளியிடம் கேட்கச் சொன்னவர் இத்தாலிய மருத்துவர் ரமசினி. 1700ஆம் ஆண்டிலேயே எழுதிவைத்தார். சணலும் ஆளிநாரும் சிக்கெடுப்பவர்கள் தூசியால் இருமுவதையும் அவர் பதிவு செய்திருக்கிறார். கிழமையைக் கேட்டு ஒழுங்குபடுத்தியவர் ரிச்சர்ட் ஷில்லிங் என்ற ஆங்கிலேய மருத்துவர். லங்காஷயர் பஞ்சாலைகளில் இந்த நோய் ஒழிந்துவிட்டது என்று பலரும் நம்பிக்கொண்டிருந்த 1950களில், பஞ்சைச் சீவும் கார்டிங் அறைகளுக்கே போய் ஆள் ஆளாக விசாரித்தார். நோய் எங்கும் போகவில்லை, அங்கேயேதான் இருந்தது. அவர் வகுத்த படிநிலைகளை இன்றும் பயன்படுத்துகிறோம். லீவு முடிந்த முதல் நாளில் எப்போதாவது இறுக்கம் வந்தால் அரை, ஒவ்வொரு முதல் நாளும் வந்தால் ஒன்று, மற்ற நாட்களுக்கும் நீண்டால் இரண்டு, மூச்சுத் திறன் நிரந்தரமாகக் குறைந்துவிட்டால் மூன்று. உங்கள் கடிதத்தைப் படித்தால், ஒன்றிலிருந்து இரண்டுக்கு வந்துவிட்டீர்கள் என்றுதான் தெரிகிறது. எனக்குக் கவலை தருவது அந்த வெள்ளியும் சனியும்தான்.

ஏன் முதல் நாள் மட்டும்? பருத்திக் காயைச் சுற்றியுள்ள சருகில் ஒருவகை பாக்டீரியாக்கள் வளரும். அவற்றின் மேலுறையில் எண்டோடாக்சின் என்ற நச்சு உண்டு. புளோ ரூமில் பொதியை உடைத்துப் பஞ்சைக் கலைக்கும்போது சருகும் பொடியும் இந்த நச்சும் சேர்ந்தே பறக்கின்றன. அமெரிக்காவில் ஒரு மாதிரி கார்டிங் அறை அமைத்து, சம்மதித்தவர்களை அதில் இருக்கவைத்துச் சோதித்தார்கள். அதன் முடிவு 1987இல் வெளியானது. மூச்சுத் திறன் எவ்வளவு குறைந்தது என்பது காற்றிலிருந்த எண்டோடாக்சினின் அளவோடு பொருந்தியது, தூசியின் எடையோடு பொருந்தவில்லை. தினமும் இந்த நச்சு உள்ளே போனால் உடம்பு அதற்குப் பழகிக்கொண்டு எதிர்வினையைக் குறைத்துவிடும். ஒரு நாள் விட்டால் பழக்கம் கலைந்துவிடும், மறுநாள் புதிதாகத் தாக்கும். வெல்டிங் பட்டறையில் துத்தநாகப் புகைக்கு வரும் காய்ச்சலும் இதே போல்தான். பழகிவிட்டது என்பதால் சேதம் நின்றுவிட்டது என்று எண்ண வேண்டாம். இறுக்கம் தெரியாத நாட்களிலும் தூசி உள்ளே போய்க்கொண்டுதான் இருக்கிறது.

எக்ஸ்ரே நார்மல் என்று வந்ததில் ஆச்சரியமில்லை. கல் உடைப்பவர்களுக்கு வரும் சிலிகோசிஸில் எக்ஸ்ரேயில் புள்ளிகள் தெரியும், பைசினோசிஸில் படம் பெரும்பாலும் சுத்தமாகவே இருக்கும். டிபி இல்லை என்று பார்த்துவிட்டதும் நல்லது. ஆனால் சளியில் ரத்தம், சாயங்காலக் காய்ச்சல், எடை குறைவது என்று எது வந்தாலும் மறுபடி பாருங்கள்.

இந்த நோயைக் கண்டுபிடிக்க வேண்டியது ஊதிப் பார்க்கும் சோதனை. அதையும் சரியான நாளில் செய்ய வேண்டும். வியாழக்கிழமை ஷிப்டுக்கு முன்பு ஒருமுறை, ஷிப்ட் முடிந்ததும் ஒருமுறை ஸ்பைரோமெட்ரி எடுக்க வேண்டும். முதல் விநாடியில் ஊதும் காற்றின் அளவு பத்து சதவீதமோ அதற்கு மேலோ குறைந்தால் அது வலுவான சாட்சி. ஒரே நாளில் இரண்டு தடவை ஆஸ்பத்திரிக்குப் போவது நடக்கிற காரியமா என்று நீங்கள் கேட்பது எனக்குக் கேட்கிறது. அதற்கு மருந்துக் கடைகளில் பீக் ஃப்ளோ மீட்டர் என்று ஒரு பிளாஸ்டிக் குழாய் கிடைக்கும், சில நூறு ரூபாய்தான். எழுந்ததும், மில்லுக்குள் போகுமுன், சாப்பாட்டு இடைவேளையில், ஷிப்ட் முடிந்ததும், படுக்கப்போகுமுன் ஊதுங்கள். ஒவ்வொரு முறையும் மூன்று தடவை ஊதி, பெரிய எண்ணை மட்டும் நோட்டில் குறியுங்கள். பக்கத்தில் கிழமை, ஷிப்ட், அன்று எந்த இடத்தில் வேலை என்றும் எழுதுங்கள். நான்கு வாரம் செய்தால் போதும். நடுவில் பொங்கலோ திருவிழாவோ வந்து ஐந்தாறு நாள் லீவு கிடைத்தால் இன்னும் நல்லது, அந்த நாட்களிலும் விடாமல் ஊதுங்கள்.

சரி, வெல்லம். நூல் மில், கல் குவாரி, சிமெண்ட் என்று தூசி உள்ள இடமெல்லாம் இந்த நம்பிக்கை இருக்கிறது. லக்னோவில் இருக்கும் நச்சியல் ஆய்வு நிறுவனம் எலிகளை வைத்து ஆராய்ந்து 1994இல் கட்டுரையே வெளியிட்டது, வெல்லம் கொடுத்த எலிகளின் நுரையீரலில் சேதம் குறைவாக இருந்தது என்று. ஆனால் அந்த எலிகளுக்குக் கொடுத்தது நிலக்கரித் தூசியும் சிலிக்காவும். பஞ்சு இல்லை. மூச்சுக்குழாய் சுருங்குவதை வெல்லம் தடுக்காது. பிடித்திருந்தால் சாப்பிடுங்கள். சர்க்கரை நோய் இருந்தால் அதுவும் வேண்டாம். தூசி உறிஞ்சும் இயந்திரத்தைப் பழுது பார்க்காமல் வெல்லம் மட்டும் தருகிற மில்லின் கணக்கு எனக்கு நன்றாகவே புரிகிறது.

பீடி விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன். சீனாவின் ஷாங்காயில் 1981இல் 447 பருத்தி ஆலைத் தொழிலாளர்களையும், ஒப்பிட்டுப் பார்க்க 472 பட்டு ஆலைத் தொழிலாளர்களையும் சேர்த்து, ஐந்து வருடத்துக்கு ஒருமுறை என்று பல ஆண்டுகள் தொடர்ந்து சோதித்தார்கள். பருத்தியில் இருந்தவர்களுக்கு மூச்சுத் திறன் வேகமாகக் குறைந்தது. புகையும் பிடித்தவர்களுக்குச் சேதம் இன்னும் அதிகம். தூசியை விட்டு வெளியே வந்த பிறகு ஓரளவு மீண்டார்கள், அதிலும் புகைக்காதவர்களே நன்றாக மீண்டார்கள். இப்போதே விட்டால் இழந்ததில் கொஞ்சம் திரும்பக் கிடைக்கும் என்றுதான் இதற்கு அர்த்தம்.

வேலையை நாளைக்கே விடச் சொல்ல மாட்டேன். ஆனால் புளோ ரூமை விட்டு வர வேண்டும். தூசி அதிகம் உள்ள இடங்கள் மிக்சிங், புளோ ரூம், கார்டிங், கழிவுப் பஞ்சு அறை. பேக்கிங் பக்கம் மாற்றிக் கேளுங்கள். அதுவரை, காற்றடித்துச் சுத்தம் செய்யும்போது அந்த இடத்தில் நிற்காதீர்கள். ஒட்டுமொத்தத் தூசியையும் அந்தக் காற்று மறுபடி கிளப்பிவிடும். துணிக் கவசமும் துண்டும் நுண்ணிய தூசியைத் தடுக்காது, முகத்தோடு ஒட்டிப் பொருந்தும் என்95 வேண்டும். மூச்சுக்குழாயை விரிக்கும் இன்ஹேலரை மருத்துவர் எழுதித் தந்தால் பயன்படுத்துங்கள். ஆனால் அதை உறிஞ்சிக்கொண்டு அதே தூசியில் நிற்பது வைத்தியம் ஆகாது. சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ உதடு நீலம் பாய்ந்தாலோ கிழமையெல்லாம் பார்க்காமல் அவசரப் பிரிவுக்கு ஓடுங்கள்.

தூசியைக் குறைக்க முடியாது என்று மில்காரர்கள் சொல்வது புதிதில்லை. 1960களில் அமெரிக்க மில்கள் ஆய்வாளர்களுக்குக் கதவைத் திறக்காததால், அரெண்ட் போய்ஸ் என்ற மருத்துவர் அட்லாண்டா சிறைக்குள் இருந்த பஞ்சாலையில் கைதிகளைச் சோதித்து நோயை நிரூபித்தார். 1978இல் அந்நாட்டு அரசு, நூற்பு ஆலைக் காற்றில் ஒரு கன மீட்டருக்கு 200 மைக்ரோகிராம் தூசிக்கு மேல் இருக்கக் கூடாது என்று விதித்தது. மில் முதலாளிகள் வழக்குப் போட்டார்கள். 1981இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் விதியை உறுதி செய்தது.

நம் நாட்டுச் சட்டமும் ஊமையில்லை. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்தில், அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய நோய்களின் பட்டியலில் பைசினோசிஸ் இருந்தது, 2025இல் அதன் இடத்துக்கு வந்த சட்டத்திலும் இருக்கிறது. அதைக் கண்டறிந்த மருத்துவரே எழுத்தில் தெரிவிக்க வேண்டும். எங்களில் எத்தனை பேர் அதைச் செய்கிறோம் என்று கேட்காதீர்கள், வெட்கமாக இருக்கிறது. இ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் காப்பீட்டுக்கான தொழில்நோய்ப் பட்டியலிலும் இது இருக்கிறது. சம்பளத்தில் இ.எஸ்.ஐ. பிடிக்கிறார்கள் என்றால் சிகிச்சையும், ஊனம் உறுதியானால் இழப்பீடும் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. இ.எஸ்.ஐ. இல்லாதவர்களுக்கும் இழப்பீடு கேட்கச் சட்டத்தில் வழி இருக்கிறது. எதற்கும் ஆதாரம் கேட்பார்கள். ஒவ்வொரு முறை டாக்டரைப் பார்க்கும்போதும் சீட்டில் 'புளோ ரூம், 14 வருடம், லீவு முடிந்த நாளில் இறுக்கம்' என்று எழுதச் சொல்லி வாங்குங்கள். மில்லில் இடமாற்றம் கேட்பதையும் எழுத்தில் கொடுத்து, நகல் ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள்.

வரும் புதன்கிழமை மீட்டரை வாங்கி நன்றாக ஊதிப் பழகுங்கள். வியாழன் காலை கேட்டுக்குள் நுழையுமுன் ஊதி வரும் எண்ணையும், அன்று ஷிப்ட் முடிந்து வெளியே வந்ததும் வரும் எண்ணையும் அருகருகே எழுதுங்கள். நான்கு வாரம் முடிந்ததும் அந்த நோட்டோடு நெஞ்சக மருத்துவரைப் பாருங்கள், ஆனால் லீவு நாளில் போகாதீர்கள்.